ஈஸ்டருக்குப் பிறகும் ஒருசந்தியா?

ராயபுரம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எட்டுப் பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியக்கூடியவற்றை எடுத்துவிட்டு, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருக்கு வயது 46. விடியுமுன் காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து, பழைய வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் கூடையில் விற்கிறார். கணவர் விசைப்படகுத் தொழிலாளி. ஒரே மகன் பிளஸ் டூ எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறான். இவருக்கு ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்; காலையில் மாத்திரை உண்டு. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் முழுவதும் ஒருசந்தி (ஒருவேளை மட்டும் வயிறார உண்ணும் நோன்பு) இருந்தார், வெள்ளிதோறும் சிலுவைப் பாதைக்குப் போனார், விற்கும் மீனை வீட்டுச் சட்டியில் ஏற்றவில்லை. பெரிய வெள்ளியன்று மகனின் மதிப்பெண்ணுக்காக ஒரு நேர்ச்சையும் செய்துகொண்டார். ஈஸ்டர் திங்கள் தொடங்கி, ஈஸ்டரின் ஐம்பதாம் நாளான பெந்தகோஸ்து வரை, தினமும் நண்பகல்வரை தண்ணீர் தவிர வேறெதுவும் இல்லை. ஏலத்துக்குக் கிளம்புமுன், இரவு ஒன்றரை மணிக்கே எழுந்து 15 பத்துமணி (செபமாலையில் பத்து மணிகள் கொண்ட ஒரு பகுதி) செபமாலை. நடுவில் மனம் அலைந்தால் அந்தப் பத்துமணியை மறுபடி முதலிலிருந்து.

ஐந்தாம் நாள், ஏப்ரல் 10 வெள்ளிக்கிழமை, ஏலக் கூட்டத்துக்கு நடுவே வியர்த்துக் கொட்டி மயங்கி விழுந்தார். யாரோ வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றி எழுப்பினார்கள். அன்றோடு நேர்ச்சை நின்றது. அடுத்த வாரம் மகன் பைக்கிலிருந்து விழுந்து கையில் கட்டு. "நேர்ச்சையை முறித்தாய், அதுதான்" என்கிறார் மாமியார். ஜெபக்கூட்டத்துக்குப் போகும் இன்னொரு பெண், 5,000 ரூபாய் காணிக்கை வைத்தால் சாபத்தைக் கட்டலாம் என்கிறார். ஏப்ரல் 15 முதல் மீன்பிடித் தடைக்காலம், படகும் கரையில். தண்டலுக்குக் கடன் வாங்கியாவது கொடுத்துவிடலாமா என்று கேட்கிறார் சகோதரி. கடைசிப் பக்கத்தில் இன்னொரு கேள்வி: "தவக்காலத்துக்குச் செய்ய எவ்வளவோ இருக்கிறது. ஈஸ்டருக்குப் பிறகு என்ன செய்வது என்று யாருமே சொல்லித் தருவதில்லையே?"

சகோதரி, உங்கள் கடைசிக் கேள்விதான் முதன்மையானது. ஆனால் மாத்திரை விஷயத்தைச் சொல்லாமல் அதற்குள் போக முடியாது.

மயக்கம் எதனால் வந்தது

நான் மனநல ஆலோசகர், மருத்துவர் அல்ல. ஆனாலும் நீங்கள் எழுதியிருப்பதை அப்படியே வரிசைப்படுத்திப் பார்க்கிறேன். இரவு எட்டு மணிக்குச் சாப்பாடு. ஒன்றரை மணிக்கு எழுந்தாயிற்று. நான்கு மணிக்கு, வெறும் வயிற்றில், வழக்கமான சர்க்கரை மாத்திரை. ஐந்தரைக்கு ஏலம், தள்ளுமுள்ளு, தலையில் கூடை. சர்க்கரை மாத்திரைகளில் சில வகை, வயிற்றில் சோறு விழுகிறதா இல்லையா என்று பார்க்காமல் இரத்தச் சர்க்கரையை இறக்கிக்கொண்டே போகும். வியர்வை, கை நடுக்கம், கண் இருட்டல், மயக்கம் என்று நீங்கள் சொல்லும் அத்தனையும் சர்க்கரை இறங்கும்போது வருபவை. சர்க்கரைத் தண்ணீர் உள்ளே போனதும் கண் விழித்தீர்கள் அல்லவா? காரணத்தை அங்கேதான் தேட வேண்டும். ஸ்டான்லி அரசு மருத்துவமனை உங்களுக்கு எட்டும் தூரம்தான். இந்த வாரமே மாத்திரைச் சீட்டோடு போய், மயங்கி விழுந்ததையும் சொல்லி, எந்த மாத்திரையை எப்போது எதற்குப் பின் போடுவது என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

இன்னொன்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. நீங்கள் விழுந்த ஏப்ரல் 10, பாஸ்கா (ஈஸ்டர்) எண்கிழமையின் வெள்ளி. ஈஸ்டர் ஞாயிறு முதல் எட்டு நாட்களும் ஆண்டவரின் பெருவிழாக்களாகவே கொண்டாடப்படுகின்றன. பெருவிழா வெள்ளியில் வந்தால் இறைச்சியை விலக்கும் வழக்கமான சுத்தபோசனக் கடமைகூடக் கிடையாது என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறது. திருச்சபை "சாப்பிடு" என்று சொல்லிய நாளில் நீங்கள் பட்டினி கிடந்து விழுந்திருக்கிறீர்கள். கட்டாய ஒருசந்தியும் ஆண்டில் இரண்டே நாட்கள்தான், திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும். அதிலும் நோயாளிகளுக்கு விலக்கு உண்டு. தவக்காலத்தில் நீங்கள் இருந்தது உங்கள் விருப்பத்தால் இருந்தது. அதைக் குறை சொல்லவில்லை. அந்தக் கணக்கை ஈஸ்டருக்குள் இழுத்து வந்ததைத்தான் சொல்கிறேன்.

நேர்ச்சை முறிந்தால்

நேர்ச்சை விளையாட்டல்ல, உண்மைதான். 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு அதற்கென்று தனியாகவே விதிகள் வைத்திருக்கிறது. தெரிந்து, சுதந்திரமாகக் கொடுக்கும் வாக்காக இருக்க வேண்டும்; முடியக்கூடியதாக, கூடுதல் நன்மை தருவதாக இருக்க வேண்டும். சர்க்கரை மாத்திரை போடுகிறவர் 49 நாட்கள் நண்பகல்வரை பட்டினி கிடப்பது இந்த இரண்டாவது அளவில் தேறுமா என்பது எனக்குச் சந்தேகம். அதைத் தீர்மானிக்க வேண்டியது நானும் அல்ல, உங்கள் மாமியாரும் அல்ல. தனிப்பட்ட நேர்ச்சைகளிலிருந்து தக்க காரணத்துக்காக விடுவிக்கும் அதிகாரம் பங்குத்தந்தைக்கே இருக்கிறது. ஆயர் இல்லம்வரை அலைய வேண்டாம். பூசை முடிந்து சாமியார் உடுப்பு மாற்றிக்கொண்டு வரும் நேரத்தில் ஐந்து நிமிடம் கேளுங்கள். நடந்ததைச் சொல்லி, "இதிலிருந்து என்னை விடுவியுங்கள், அல்லது என்னால் முடிந்த ஒன்றாக மாற்றித் தாருங்கள்" என்று கேட்பது உங்கள் உரிமை.

மகனின் கையைப் பற்றி எழுதும்போது உங்கள் எழுத்து நடுங்கியிருக்கிறது. பிறவியிலேயே பார்வை இல்லாத ஒருவரைக் காட்டி, இது இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்றார் இயேசு. யோவான் நற்செய்தி, ஒன்பதாம் அதிகாரம். மாமியாரிடம் சண்டை போட வேண்டாம். அந்தப் பக்கத்தை ஒருநாள் சத்தமாக வாசியுங்கள், போதும். மதிப்பெண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. மகன் தேர்வை மார்ச்சிலேயே எழுதி முடித்துவிட்டான். விடைத்தாளைத் திருத்துகிறவர், அம்மா காலையில் சாப்பிட்டாளா என்று விசாரித்து மதிப்பெண் போடப்போவதில்லை.

சரி, உறுதி கொடுத்துவிட்டுத் தவறியவர்களைப் பற்றிப் பேசுவோம். நீங்கள் இருக்கும் இடத்தின் பெயரே இராயப்பரிடமிருந்து, அதாவது இயேசுவின் சீடர் பேதுருவிடமிருந்து, வந்தது என்பார்கள். அவர் பெயரில் கோவிலும் அங்கே இருக்கிறது. அந்த இராயப்பர், எல்லாரும் விட்டு ஓடினாலும் நான் ஓடமாட்டேன் என்று வாய் நிறைய வாக்குக் கொடுத்தவர். கொடுத்த இரவே, கரி நெருப்பருகே குளிர் காய்ந்துகொண்டு மூன்று முறை "அந்த ஆளை எனக்குத் தெரியாது" என்றவர். உயிர்த்த இயேசு அவரை மறுபடி எங்கே சந்திக்கிறார்? மீன் பிடிக்கப் போய் இரவெல்லாம் ஒன்றும் படாமல் திரும்பிய கரையில். அங்கேயும் ஒரு கரி நெருப்பு. யோவான் இந்த இரண்டு நெருப்பையும் சும்மா எழுதியிருக்க மாட்டார் என்றுதான் நான் நினைக்கிறேன். அந்த நெருப்பின் மேல் மீன், பக்கத்தில் அப்பம். முதலில் சாப்பிட வரச்சொல்கிறார். சாப்பிட்டு முடித்த பிறகுதான் பேச்சே. மூன்று முறை "என்மேல் அன்பாயிருக்கிறாயா" என்று கேட்கிறார். அபராதம் கேட்கவில்லை, 5,000 ரூபாய் கேட்கவில்லை.

அந்தப் பணத்துக்கு என் பதில்: கொடுக்காதீர்கள். காணிக்கை மனம் விரும்பிக் கொடுப்பது. பயத்தைக் காட்டிக் கேட்கும்போது அதற்கு வேறு பெயர். படகு கட்டிக் கிடக்கும் மாதத்தில் தண்டல் எடுத்தால், தினமும் வாசலில் வந்து நிற்கும் வசூல்காரரைத்தான் உண்மையான சாபமாக உணர்வீர்கள். மகனுக்காகப் பூசை வைக்க ஆசையா? ஏழைகளின் கருத்துக்காகக் காணிக்கை இல்லாமலும் பூசை வைக்கும்படி குருக்களைத் திருச்சபைச் சட்டம் வலியுறுத்துகிறது. கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

பெந்தகோஸ்து வரை ஒரே ஞாயிறு

இனி உங்கள் கடைசிப் பக்கம். தவக்காலம் 40 நாள் என்பது எல்லாருக்கும் மனப்பாடம். பாஸ்கா காலம் அதைவிட நீளம், 50 நாள், என்பது கோவிலுக்குத் தவறாமல் போகிறவர்களில்கூடப் பலருக்கு உறைப்பதில்லை. ஈஸ்டர் பிரியாணியோடு முடிந்துவிட்டதாக நினைக்கிறோம். திருச்சபையோ இந்த 50 நாட்களையும் ஒரே திருநாளாக, ஒரு பெரிய ஞாயிறாகக் கணக்கு வைக்கிறது. இந்த ஆண்டு ஏப்ரல் 5-இல் தொடங்கியது மே 24-இல்தான் முடிகிறது. பீடத்தருகே நிற்கும் பாஸ்கா திரியைப் பாருங்கள். அது வரைக்கும் ஒவ்வொரு பூசையிலும் எரியும். 325-இல் கூடிய நீசேயா சங்கம், ஞாயிறுகளிலும் இந்த 50 நாட்களிலும் முழந்தாளிடாமல் நின்றுகொண்டே செபிக்க வேண்டும் என்று விதித்தது. கிறிஸ்துவோடு உயிர்த்தெழுந்தவர்கள் நின்றார்கள், அவ்வளவுதான் விளக்கம். நீங்களோ இந்த நாட்களில் இரவு ஒன்றரை மணிக்குச் சிமெண்ட் தரையில் முழங்கால் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள்.

தவக்காலத்தில் கொடுத்துப் பழகினோம். இந்தக் காலத்தில் வாங்கிக்கொள்ளப் பழக வேண்டும், உங்களைப் போன்றவர்களுக்கு அது ஒருசந்தியைவிடக் கடினம். அதனால் புதிதாக எதையும் உங்கள் நாளில் திணிக்கப்போவதில்லை. ஏற்கெனவே கை செய்துகொண்டிருக்கும் வேலையோடு ஒட்டிக்கொள்ளும் சில சிறிய காரியங்களை மட்டும் சொல்கிறேன்.

*தண்ணீர் பிடிக்கும்போது.* தெருவில் குடம் வைத்து அடிபம்பில் அடிக்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் குடம் நிறைந்து விளிம்பில் தளும்பும்போது விரலை நனைத்து நெற்றியில் சிலுவை போடுங்கள். பாஸ்கா இரவில் மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு ஞானஸ்நான வாக்குறுதியைப் புதுப்பித்தோமே, அதன் தொடர்ச்சி இது. கோவிலிலிருந்து கொண்டுவந்த தீர்த்தம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் குழாய்த் தண்ணீர் போதும். கூடவே ஒரு அல்லேலூயா. தவக்காலம் முழுக்க வாயில் வராமல் வைத்திருந்த சொல் அது, வரிசையில் நிற்கிறவர்களுக்குக் கேட்காமல் சொன்னாலும் சொன்னதுதான்.

*காலைச் சாப்பாடு.* இதுதான் உங்கள் முதன்மையான பக்தி முயற்சி; சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன். ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அதுவும் பாஸ்கா காலமும் ஒன்றின் மேல் ஒன்றாக வரும் நாட்களை எண்ணிப் பார்த்தேன், இந்த ஆண்டு சரியாக 40. கணவர் வீட்டில் இருக்கும் 40 நாட்கள். "பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆண்டு முழுக்கக் கடலில் இருப்பவருக்கு வீட்டில் எங்கே உட்காருவது என்றே தெரியாது. ஃபைபர் படகில் வரும் கொஞ்சம் மீனைத்தான் இப்போது விற்கிறீர்கள், சீக்கிரமே கூடை காலியாகிவிடுகிறது என்றால் எட்டு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். அதற்குமுன் ஏலத்துக்குப் போகையிலேயே வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள், அது மாத்திரைக்காக. இது வேறு. ஒரு கை நெத்திலியை விற்காமல் மடியில் கட்டிக்கொண்டு வாருங்கள். மிளகாய்த் தூள், உப்பு, மஞ்சள் தடவித் தோசைக் கல்லில் போட்டால் பத்து நிமிடம். மூவரும் ஒரே நேரத்தில் உட்காருங்கள். கட்டுப்போட்ட கைக்காரனுக்கு யாராவது முள் எடுத்துக் கொடுக்கட்டும், அது அப்பாவாக இருந்தால் இன்னும் நல்லது. உண்ணுமுன் "ஆண்டவரே, எங்களோடு உட்காரும்" என்று ஒரு வரி. கரையில் நடந்ததும் இவ்வளவுதான்.

*நண்பகல் மணி.* காலை, நண்பகல், மாலை சொல்லும் மூவேளைச் செபம் உங்களுக்குத் தெரியும். பாஸ்கா காலத்தில் அதற்குப் பதிலாக "விண்ணக அரசியே" செபம், நின்றுகொண்டு. ஒரு நிமிடம்கூட ஆகாது. செபமாலையை விடச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள்; நாளுக்கு ஒரு பத்துமணி, மகிமைத் தேவ இரகசியங்களில் ஒன்று. மனம் அலைந்தால் அலையட்டும், விட்ட இடத்திலிருந்து தொடருங்கள், முதலுக்குப் போகாதீர்கள். மே மாதத்தில் தெருவில் வீடு வீடாக மாதா செபமாலை வரும்போது சேர்ந்துகொள்ளுங்கள். அன்றைக்குத் தனிக் கணக்கு வேண்டாம்.

*மாலையில் ஒரு அதிகாரம்.* பாஸ்கா காலத்துப் பூசைகளில் முதல் வாசகம் திருத்தூதர் பணிகளிலிருந்து வருவதைக் கவனித்திருப்பீர்கள். அந்தப் புத்தகத்தில் 28 அதிகாரங்கள். நல்லாயன் ஞாயிறான ஏப்ரல் 26-இல் தொடங்கினால் பெந்தகோஸ்துக்கு முந்தின நாள் முடிந்துவிடும். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது, வாசிக்கத் தடுமாறுவேன் என்கிறீர்கள். மகன் சும்மாதான் இருக்கிறான், அவன் வாசிக்கட்டும். சிறை, கலவரம், கப்பல் உடைதல் என்று போகும் கதை; 27-ஆம் அதிகாரத்துப் புயலைக் கேட்டால் உங்கள் கணவர் சுவரிலிருந்து பார்வையைத் திருப்புவார் என்று பந்தயம் கட்டுகிறேன். அந்த நேரத்தில் பாஸ்கா இரவின் மெழுகுதிரித் துண்டை ஏற்றிவையுங்கள். ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டாகச் சேர்த்து வாசிக்க வேண்டியதில்லை. விட்டது விட்டதுதான்.

*படுக்குமுன்.* தவக்காலத்தில் அன்றைய பாவங்களைத் தேடினீர்கள். இப்போது வேறொன்றைத் தேடுங்கள். எம்மாவு ஊருக்குப் போன இரண்டு பேர் 60 ஸ்தாதியோன், ஏறக்குறைய 11 கிலோமீட்டர், இயேசு கூடவே நடந்தும் யாரென்று தெரியாமலே நடந்தார்கள். காசிமேட்டிலிருந்து எண்ணூர்ப் பக்கம் போகும் நடை. இன்றைக்கு உங்கள் கூடவே நடந்து, நீங்கள் கவனிக்காமல் விட்டது எது? மயங்கியபோது சர்க்கரைத் தண்ணீர் ஊற்றியது யார் என்று உங்கள் எட்டுப் பக்கத்தில் ஒரு பெயர்கூட இல்லை. அங்கிருந்து தொடங்கலாம்.

சிலுவைப் பாதையை விட்டுப் பிரிய மனம் இல்லை என்றால் "ஒளியின் பாதை" என்று ஒன்று உண்டு. கல்லறை தொடங்கிப் பெந்தகோஸ்து வரை 14 நிலைகள். 2001-ஆம் ஆண்டுத் தேதியிட்ட, பொதுமக்கள் பக்தி பற்றிய வத்திக்கான் வழிகாட்டியே அதைப் பாராட்டிப் பேசுகிறது. உங்கள் பங்கில் இல்லாவிட்டால் சாமியாரிடம் கேட்டுப் பாருங்கள். இவற்றில் எல்லாவற்றையும் செய்ய வேண்டும் என்று இல்லை. ஏற்கப்பட்ட கத்தோலிக்க வழிகளுக்குள் தனக்குப் பொருந்திய ஆன்மிக வாழ்வைத் தேர்ந்துகொள்ளும் உரிமை ஒவ்வொரு விசுவாசிக்கும் உண்டு என்று சட்டத் தொகுப்பின் 214-ஆம் விதி சொல்கிறது. உங்களுக்கு என்று நான் தேர்ந்தால் காலைச் சாப்பாட்டையும் குடத்துத் தண்ணீரையும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவேன்.

ஒரு எச்சரிக்கை

ஒரு பத்துமணியை மூன்று முறை, நான்கு முறை திரும்பத் திரும்பத் தொடங்குகிறீர்கள். ஒரு வார்த்தை தவறினாலும் ஏதோ நடந்துவிடும் என்ற பயத்தில் தூக்கம் போகிறது என்கிறீர்கள். இதைப் பக்தியின் ஆழம் என்று பலர் புகழ்ந்திருப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சில வாரங்களில் அது தணிந்துவிட்டால் நல்லது. தணியாமல், கதவைப் பூட்டினோமா, கையைக் கழுவினோமா என்று மற்ற வேலைகளுக்கும் பரவினால், அது மருந்தாலும் ஆலோசனையாலும் சரியாகும் ஒரு நிலை. ஸ்டான்லியில் சர்க்கரைக்குப் போகும்போதே மனநலப் பிரிவிலும் சீட்டு எடுத்துவிடுங்கள். போக முடியாத நாளில் டெலி மானஸ் உதவி எண் 14416-க்குக் கூப்பிடலாம். காசு இல்லை, தமிழிலேயே பேசலாம். விசுவாசம் குறைந்துவிட்டதால்தான் அங்கே போகிறோம் என்று யாராவது சொன்னால், காய்ச்சலுக்கு மாத்திரை போடும்போது உங்கள் விசுவாசம் எங்கே போகிறது என்று கேளுங்கள்.

பங்குத்தந்தையைப் பார்க்க ஞாயிறு முதல் பூசைக்குப் போகப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். நற்கருணைக்கு முந்தைய ஒரு மணி நேர உபவாசம்கூட நோயாளிகளைக் கட்டுப்படுத்தாது. இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.